எழில்மதியின் இடது காது

சேதி வந்தபோது காலை பத்தே முக்கால் மணி. மணிமொழி கேழ்வரகுக் கூழை ஆற்றி ஆற்றித் தன் மகள் எழில்மதிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மாதக் குழந்தை. பாதிக் கூழ் வயிற்றுக்குள், மீதி தாடையில். போனில் புருஷன் தீனதயாளன். உளுந்தூர்பேட்டை ரோட்டோர ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். பின்னால் தோசைக்கல் தட்டும் சத்தம் கேட்டது.

"மணி, ஒக்காந்துகினு இருக்கியா?"

"ஏங்க, இன்னா ஆச்சு?"

"ஒங்க அண்ணன்... கரும்புக்குத் தண்ணி கட்டப் போனவரு வரப்புலயே சாஞ்சுட்டாராம். தூக்கிகினு ஓடனாங்களாம். உசுரு இல்ல."

மணிமொழி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்கக் கூடாதா அந்த ஆளு?"

தீனதயாளன் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டான். "அழுவாத. நான் இங்கேருந்து நேரா வந்துடறன். நீ புள்ளயத் தூக்கிகினு பஸ் ஏறு. கள்ளக்குறிச்சியில எறங்கி ஒரு மால வாங்கிக்கோ" என்றான்.

அது அழுகை இல்லை. அண்ணன் அய்யப்பன் தப்பித்துவிட்டான் என்பதுதான் அவள் மனதில் ஓடியது. மூன்று வருடமாக அடைகாத்த ஒரு வார்த்தை. இன்னும் நாலு நாள் போயிருந்தால் அவன் முகத்துக்கு நேராக அதைச் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயிலில் எழில்மதிக்கு மொட்டை அடித்துக் காது குத்துவதாக இருந்தது. பத்திரிகையில் தாய்மாமன் என்று அய்யப்பன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னவள் மணிமொழிதான். அவன் சீர்த்தட்டோடு வரட்டும். பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டுக்கொண்டு மணையில் சப்பணம் போட்டு உட்காரட்டும். மடியை விரித்துக் குழந்தைக்குக் கை நீட்டட்டும். அப்போது சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்: 'எழுந்திரு. எம் மொதப் புள்ளைக்கு வண்டி எடுக்காத ஒனக்கு, ரெண்டாவது புள்ளைய மடியில வெச்சிக்க யோக்கியத இல்ல.' குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் தூங்க வைக்கும்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் வழவழவென்று ஆகியிருந்தது.

முதல் பிள்ளை பகலவன். தலைப்பிரசவத்துக்குக் கச்சிராயபாளையத்துத் தாய் வீட்டுக்குப் போனவள், அண்ணன் கூரைக்குக் கீழேதான் இருந்தாள். பிள்ளைக்கு இரண்டு மாதம் நடந்தபோது சளி பிடித்தது. பொழுது சாயும் நேரத்தில் பால் குடிப்பதை விட்டான். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.

"அண்ணா, மூச்சு ஒரு மாதிரி வாங்குது. கள்ளக்குறிச்சிக்குப் போலாம்ணா."

வாசலில் அவனுடைய வேன் நின்றது. மறுநாள் மச்சினி வீட்டு நிச்சயதார்த்தத்துக்காகக் கழுவித் துடைத்து, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான்.

"ரெண்டு புள்ள வளத்தவன் சொல்றன், கேளு. சளி எந்தப் புள்ளைக்குத்தான் வர்ல? நீ பீ ஏ படிச்சதுக்கு பயம்தான் ஜாஸ்தியாயிருக்கு. காலையில பாத்துக்கலாம்."

"அப்ப நூத்தியெட்டுக்கு போன் போடறன்."

"சளிக்கு நூத்தியெட்டா? தெருவே வந்து நிக்கும். சிரிப்பாணுங்க." அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுக்கப் போனான்.

விடிந்ததும் வேன் மச்சினி வீட்டுக்குப் போயிற்று. மணிமொழியும் அவள் அம்மா பெரியநாயகியும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். கள்ளக்குறிச்சி வருவதற்குள் பிள்ளையின் கழுத்து தோளில் துவண்டுவிட்டது. "நெஞ்சு முழுக்க சளி. நேத்தே கொண்டாந்திருக்கணும்மா" என்றார் டாக்டர். அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர்: மணிமொழி, பெரியநாயகி.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அய்யப்பன் வாசலில் உட்கார்ந்து வந்தவர்களிடம் சொன்னான்: "இன்னா பண்றது. பெத்தவளுக்குப் பால் குடுக்கத் தெரியல. படுத்துகினே குடுத்திருக்கா, பொரை ஏறிடுச்சு."

பெரியநாயகி பக்கத்தில்தான் இருந்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

பிள்ளை போனதை மணிமொழி எப்படியோ விழுங்கினாள். இந்த வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. அது அவளுக்கு முன்னால் பஸ் ஏறி, சின்னசேலத்துக்குப் பக்கத்தில் அவள் வாழப்போன ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. எழில்மதி பிறந்த பிறகு அதற்கு மறுபடி கால் முளைத்தது. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் கையில் பழம் கொடுத்த கையோடு சொன்னார்கள்: "படுத்துகினு பால் குடுக்காத, இன்னா?" தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாகூட யாரோ சொல்லிக் கேட்டு, "நீங்கதானே அது? உக்காந்தே குடுங்க" என்றார். எல்லாருமே நல்லதைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு நல்லதும் ஊசியாக இறங்கியது.

பகலவனுக்கும் அவள் உட்கார்ந்தேதான் பால் கொடுத்தாள். யாரிடம் போய்ச் சொல்வது? எழில்மதி பால் குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வந்த பிறகும் இறக்க மாட்டாள். தூங்கும் குழந்தையின் மூக்கடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். ஒரு தும்மல் வந்தால் போதும், சட்டையைத் தூக்கி விலாவைப் பார்ப்பாள். ஃபேன் போட்டால் சளி, நிறுத்தினால் வேர்க்குரு. தலைக்கு ஊற்றலாமா, வேண்டாமா. வெறும் தண்ணீரா, காய்ச்சின தண்ணீரா. மற்ற தாய்மார்கள் இரண்டு நாள் யோசித்து விட்டுவிடுகிற கேள்விகள் இவளோடு குடித்தனம் நடத்தின. பயம் ஏறும்போதெல்லாம் அண்ணன் மேல் வெறுப்பும் ஒரு படி ஏறும்.

அவன்தான் இப்போது வரப்பில் சாய்ந்து தப்பித்துவிட்டான்.

மணிமொழி குழந்தையின் வாயைத் துடைத்தாள். பீரோவைத் திறந்து, வெள்ளிக்கிழமைக்காக வாங்கி வைத்திருந்த சின்னத் தங்க வளையம் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகினாள். அடுத்த வீட்டுத் தைலம்மாள் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

"தாய்மாமன் மடி இல்லாம போச்சே இந்தப் புள்ளைக்கு!"

"இருந்தப்ப மட்டும் இன்னா கிழிச்சிது?" என்றாள் மணிமொழி. தைலம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது.

கள்ளக்குறிச்சியில் இறங்கி ரோஜா மாலை ஒன்று வாங்கினாள். கச்சிராயபாளையம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஏறவில்லை. கடைத்தெருவுக்குள் திரும்பி, நகை செய்யும் ராஜாங்கம் பத்தர் கடைப்படியில் ஏறினாள். மாலைப் பொட்டலத்தைப் படிக்குக் கீழே வைத்துவிட்டாள்.

"காது குத்தணும்."

பத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "புள்ளைக்கு முடி எறக்கலையே?"

"முடி சாமிக்கு. காது எனக்கு."

"தாய்மாமன் எங்கம்மா?"

"வர மாட்டாரு."

"அப்ப யார் மடியில ஒக்கார வெக்கறது?"

"எம் மடியில. பத்து மாசம் தாங்கனது இந்த மடிதான். ஒரு நிமிஷம் தாங்காதா?"

பத்தர் சிரித்துவிட்டார். "வாய் இருக்குது ஒனக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்து, தள்ளி நின்று சரிபார்த்தார். வளையத்தின் கூர்முனையில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, வலது காதில் இறக்கிச் சுருட்டினார்.

எழில்மதி வீறிட்டாள். வீறிட்ட சத்தம் பாதியில் நின்றது. வாய் திறந்தபடி, மூச்சு வெளியே வராமல், உதடு கருத்தது. மணிமொழிக்குக் கடையும் தெருவும் இருண்டு போயின. அந்த டவுன் பஸ் சீட்டில் மறுபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஊதினாள், முதுகைத் தேய்த்தாள், "ஏய், ஏய், அம்மாவப் பாரு, அம்மாவப் பாருடி" என்று கத்தினாள். மூச்சு திரும்பியது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இவ்வளவு இனிமையான அழுகையை அவள் கேட்டதே இல்லை. மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பால் கொடுத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கடி இருக்கிற?" பெரியநாயகியின் குரல், பின்னால் பறை. "அண்ணனக் குளிப்பாட்டப் போறாங்க. கூடப் பொறந்தவ வாக்கரிசி போட வாணாமா?"

பத்தர் கையிலிருந்த இரண்டாவது வளையத்தைக் கைக்குட்டை மேல் வைத்தார்.

"யாரும்மா?"

"எங்க அண்ணன்."

"மாமன் பொணமாக் கெடக்கறான், நீ காது குத்த வந்தியா? தீட்டோட எம் பட்டறையில ஏறியிருக்கியே!"

"ஒரு காது குத்திட்டீங்க. இன்னொன்னையும் குத்திடுங்க, போயிடறன்."

"மாட்டேன். பதினாறு கழியட்டும். மாமன் புள்ளையக் கூட்டிகினு வா, அவன் மடியில வெச்சிக் காசில்லாமக் குத்தறன். எறங்கும்மா."

சாவு வீட்டுக்குள் மணிமொழி நுழைந்ததும் ஒப்பாரி ஓங்கியது. மாலையை அய்யப்பன் மார்பில் வைத்தாள். குழந்தை அவள் தோளில் விசும்பிக்கொண்டிருந்தது. வலது காதில் வளையம், சுற்றிலும் காய்ந்த ரத்தம். இடது காதில் பேனாப் புள்ளி. தலைமாட்டிலிருந்த அண்ணி செந்தமிழ்ச்செல்வி முதலில் பார்த்தாள்.

"எப்ப குத்தன?"

"இப்பதான்."

"யார் மடியில?"

"எம் மடியில அண்ணி."

சுற்றி இருந்தவர்கள் குழந்தையின் காதை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஐயோ, பொணத்துக்கு முன்னாலயா" என்றாள். ஒப்பாரியில் பெண் எதையும் சொல்லலாம். அது ஊர் கொடுத்த உரிமை. ஆனால் மணிமொழி ராகம் எதுவும் இழுக்கவில்லை. செத்தவனின் முகத்தைப் பார்த்து, கடையில் சாமான் கேட்பது மாதிரி சொன்னாள்.

"பொரை ஏறல அண்ணா. நான் ஒக்காந்துதான் குடுத்தன். வண்டி வாசல்ல நின்னுது. போனப் புடுங்கி சட்டைல போட்டுகின. ஊரக் கூட்டி வெச்சி எம் பேரக் கெடுத்த. இப்ப எழுந்து சொல்லு, பாப்போம்."

பெரியநாயகி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள், அன்றைக்குப் போலவே. "வாணாம்டி" என்று மட்டும் உள்ளிருந்து வந்தது.

செந்தமிழ்ச்செல்வி புருஷன் நெற்றியில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"நானுந்தான் சொன்னன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "வண்டிய எடுய்யான்னு. எடுக்கல."

அது போதும். அங்கே இருந்த இருபது வாய்கள் பொழுது சாய்வதற்குள் அதைச் சின்னசேலம் வரை கொண்டுபோகும். பொரை ஏறிய கதை எந்த வழியாகப் போனதோ, அதே வழியாக. மணிமொழி பிடி அரிசியை எடுத்து அண்ணன் வாயில் போட்டாள். சிந்தாமல் போட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. இருக்கவேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

பதினாறு கழிந்து இரண்டு மாதம் ஆகிறது. மாமன் இடத்தில் மடியில் வைத்துக்கொள்ளத் தன் மகனை அனுப்பட்டுமா என்று செந்தமிழ்ச்செல்வி ஆள் விட்டுக் கேட்டாள். மணிமொழி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழில்மதி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பேனாப் புள்ளி குளித்துக் குளித்துப் போய்விட்டது. இரண்டாவது வளையம் குழந்தையின் பவுடர் டப்பாவுக்குள் கைக்குட்டையில் முடிந்தபடி இருக்கிறது. இடது காது இன்னும் குத்தவில்லை.