டெம்ப் ஃபோல்டரும் காணாமல் போன நைனாவும்

பழைய கோப்புகளைப் பெருக்கித் தள்ளுவது என் வேலையில் பாதி. தள்ளியதைத் திரும்பத் தேடுவது மீதிப் பாதி. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர்கள் ஏற்றும் படங்கள் லினக்ஸ் சர்வரில் 'டெம்ப்' என்கிற தற்காலிக ஃபோல்டரில் தங்கும். பேனர் அச்சானதும் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. சர்வர் வைத்துக்கொண்டு அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? வேலை இல்லாதவர்கள்தான் எழுந்து போகவே மாட்டார்கள்.

இடமில்லை

ஆரம்பத்தில் நான் எதையும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு என்று எல்லாப் படங்களும் அங்கேயே கிடந்தன. தை பிறந்து கல்யாண வேலைகள் குவிந்த நேரத்தில் டிஸ்க் நிரம்பி, தளம் படுத்துவிட்டது. மகள் கல்யாண பேனருக்காக வல்லத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "இன்னா எழுதியிருக்குது அதுல?" என்று திரையைக் காட்டிக் கேட்டார். "இடமில்லைன்னு வருதும்மா" என்றேன்.

"போட்டோ வெக்கவே எடமில்லன்றியே, பத்தடி பேனர எங்க வெப்ப?"

காலி, ஆனால் நிரம்பியது

உடனே உட்கார்ந்து கையாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். ஃபோல்டர் காலி. டிஸ்க் மட்டும் இன்னும் நிரம்பியிருப்பதாகவே சொன்னது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், நாம் அழித்தாலும் அந்த இடம் திரும்பி வராது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் ஆனது. கடையில் டிசைன் செய்யும் மலரிடம் இதைப் பெரிய ஞானம்போல் விளக்கினேன்.

"ஆளு செத்துட்டாரு, ரேஷன் கார்டுல பேரு மட்டும் இருக்குது. இத்த சொல்றதுக்கா இவ்ளோ நேரம்ண்ணா?"

பந்தி

பட்ட பிறகு புத்தி வந்தது. நடுராத்திரியில் ஃபோல்டரையே தானாகத் துடைக்கும்படி 'கிரான்' என்கிற நேர அட்டவணையில் எழுதி வைத்தேன். சர்வரின் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடுவதை மட்டும் கவனிக்கவில்லை. அங்கே நடுராத்திரி என்றால் இங்கே விடிந்துவிடும். மேல்சித்தாமூரிலிருந்து ஒருவர் காலையிலேயே எழுந்து வீட்டிலிருந்தபடி படம் படமாக ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, என் கட்டளை அத்தனையையும் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. கடை முதலாளி குணா அண்ணன் கோபப்படவில்லை.

"பந்தி முடிஞ்சப்புறம் எல எடுக்கணும் தம்பி, சாம்பார் ஊத்தசொல்ல எடுக்கக் கூடாது."

நைனா

பிறகு உஷாரானேன். ஒரு வாரத்துக்கு மேல் பழையதை மட்டும் அழி, கால் மணிக்கொரு தரம் பார் என்று மாற்றினேன். அந்தச் சமயத்தில்தான் சிங்கவரம் ஏழுமலை காலமான தன் அப்பாவின், அவர் பாஷையில் நைனாவின், படத்திறப்புக்குப் பேனர் கேட்டு வந்தார். நிகழ்ச்சி மறுநாள் காலை. நைனா படம் எடுத்துக்கொள்ளவே விரும்பாத மனிதராம். எப்போதோ ஒரு கல்யாணத்தில் சிரித்தபடி கேமராவில் மாட்டியதுதான் ஒரே நல்ல படம். அதைச் சென்னையில் இருக்கும் தங்கை, பழைய குடும்பப் படங்களோடு ஒரே ஜிப் கட்டாகத் தளத்தில் ஏற்றியிருந்தார்.

டெம்ப் ஃபோல்டரிலேயே கட்டைப் பிரித்தோம். மலர் நைனாவை ஏழுமலையிடம் காட்டிவிட்டு, படத்துக்கு மாலை வைக்க உட்கார்ந்தாள். படம் இல்லை. மறுபடி பிரித்தேன். ஏழுமலைக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், மறுபடியும் இல்லை. அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். எனக்கு அவர் பக்கம் திரும்பவே தைரியமில்லை.

அப்போதுதான் உறைத்தது. கட்டைப் பிரித்தால் படங்கள் தங்கள் பழைய தேதியோடுதான் வெளியே வரும். இன்றைக்கு வந்த நைனாவை, பல வருஷம் பழையவர் என்று என் கட்டளை பெருக்கித் தள்ளியிருக்கிறது. படத்தின் தேதியைப் பார்க்காதே, நம்மிடம் வந்த நேரத்தைப் பார் என்று திருத்திவிட்டு இன்னொரு தரம் பிரித்தேன். நைனா நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உடு தம்பி, உயிரோட இருக்கசொல்லவே எங்க நைனா இப்டித்தான், இங்கதான இருக்காருன்னு திரும்பறதுக்குள்ள ஆளக் காணோம்னு ஆய்டும்."

எது குப்பை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தருகிற என்னுடைய மேஜையை நீங்கள் ஒருமுறை பார்த்தால், பாவம் அந்தக் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்வீர்கள்.