வரியில்லாத ஊரில் என் முதல் வருமானம்

வருமான வரி என்பது அங்கிள்களுக்கு வரும் ஒரு வியாதி என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் துபாயில் எங்கள் ஃப்ளாட்டுக்கு யாராவது ஒருவர் வந்துவிடுவார். கையில் பிளாஸ்டிக் ஃபைல், முகத்தில் கவலை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டுவார், உச்சுக் கொட்டுவார், இரண்டு கேள்வி கேட்பார். வந்தவர் டீயைக் குடித்துவிட்டுத் தெளிந்த முகத்தோடு போவார்.

அப்பா துபாயின் தேரா கடைவீதியில் ஒரு மசாலா மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். இங்கே சம்பளத்துக்கு வரி கிடையாது. ஆனால் ஊரில் வாடகைக்கு விட்ட வீடு, பேங்க் டெபாசிட் என்று ஆளுக்கொன்று இருக்கும், அதற்கு அங்கே வரி உண்டு. அவர்களுக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது அப்பாவின் லீவு நாள் வேலை. யாராவது பர்ஸை எடுத்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நம்ம ஆளுங்ககிட்டப் போயி காசு வாங்குவாங்களா?" என்பார். அல்வா கொண்டுவந்தால் மட்டும் மறுப்பதில்லை. எங்கள் ஃப்ரிட்ஜில் அல்வாவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது.

எனக்குப் பதினாறு வயதானபோது மாடி வீட்டு அக்கா ஒரு உதவி கேட்டார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்னவர்களை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் சில நாள் மதியம் டியூட்டிக்குப் போனால் இரவுதான் வருவார். கணவர் சூப்பர் மார்க்கெட் வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிவிடும். அதுவரை மூன்று வயதுப் பெண்ணை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். அம்மா தலையாட்டினாள், நான் மாடி ஏறினேன்.

அந்தக் குட்டிப் பிசாசு முதல் வாரமே என் கையைக் கடித்தாள். என் செருப்பை வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினாள். அவளுடைய பொம்மை ஒட்டகச்சிவிங்கிக்கு முதல் வாய் ஊட்டினால்தான் தயிர்சாதம் உள்ளே போகும். இதையெல்லாம் நானாகவே கண்டுபிடித்தேன். கொஞ்ச நாளில் என் காலடிச் சத்தம் கேட்டாலே கதவருகே வந்து நிற்க ஆரம்பித்தாள். எனக்கு இந்த வேலை நன்றாக வந்தது. பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

மாதம் முடிந்ததும் அக்கா ஒரு கவரை நீட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

"வேல பாத்ததுக்குத்தான் மக்களே. நான் டியூட்டி பாத்தா எனக்குச் சம்பளம் தாறாங்கல்லா? நீ பாத்தா உனக்குக் குடுக்க வேண்டாமா?"

டியூட்டி என்ற சொல்லுக்கு எங்கள் கட்டடத்தில் தனி மரியாதை. டியூட்டிக்குக் கிளம்புகிறவரை யாரும் வழியில் நிறுத்திப் பேசமாட்டார்கள். டியூட்டி முடிந்து தூங்குகிறவர் வீட்டுக்கு முன்னால் குழந்தைகள்கூடக் கத்தமாட்டார்கள். நான் பார்த்ததும் அதுதான் என்று அக்கா சொன்னபோது ஒரு சாண் வளர்ந்துவிட்டேன்.

அன்றே போனும் கையுமாக உட்கார்ந்தேன். குழந்தை பார்த்துச் சம்பாதிக்கும் என் வயதுக்காரர்களுக்கென்றே யாரோ அமெரிக்காவில் எழுதி வைத்திருந்தார்கள். அப்பா அம்மா தரும் கைச்செலவுக் காசு வருமானம் ஆகாதாம். பிறந்தநாளுக்கு வரும் பணமும் ஆகாதாம். ஆனால் வேலை பார்த்து வாங்கினால், அது ரொக்கமாகக் கையில் வந்தாலும் சரி, கொஞ்சமே ஆனாலும் சரி, வருமானம்தானாம். ஒரு வரம்பைத் தாண்டினால் வரி, தாண்டாவிட்டால் இல்லை. அதைப் படித்ததும் எனக்கு வரி கட்ட ஆசையே வந்துவிட்டது.

சாப்பிடும்போது கேட்டேன். "அப்பா, எனக்கு இன்கம் வந்திருக்கு. டாக்ஸ் கட்டணுமா?"

அப்பா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "இந்த ஊர்ல அதெல்லாம் மாஃபி கண்ணு, கெடையாது. சரி, உனக்கேது இன்கம்?"

சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"மேல் வீட்டுக் கொழந்தையப் பாத்துக்கறது உதவி. அதுக்குக் கூலி வாங்குவியா? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அவங்களாத்தான் குடுத்தாங்க."

"பாசத்துல குடுப்பாங்க. நாமதான் வேண்டாம்னு சொல்லோணும்."

"கிஃப்ட் வேற, இன்கம் வேறப்பா. வேலைக்குன்னு குடுத்தா அது இன்கம்."

"எனக்கே சொல்லித் தர்றியா? இந்த ஊர்ல பர்மிட் இல்லாம வேல செஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அது வேலையே இல்லீங்கறீங்க. அப்பறம் பர்மிட்டு எதுக்குங்க?"

பதில் இல்லாதபோது அப்பாவுக்கு வேகம் அதிகம். சட்டையை மாட்டிக்கொண்டு, கவரை எடுத்துக்கொண்டு போய் மாடி வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டே வந்தார்.

அடுத்த நாள் அக்கா என்னை உட்காரவைத்துப் பேசினார். "உங்கப்பாமேல எனக்கு வருத்தமில்ல மக்களே. ஆனா உனக்கு ஒண்ணும் குடுக்காம வேல வாங்கிட்டு டியூட்டிக்குப் போவ எனக்கு மனசு வரல்ல. இந்த மாசத்தோட வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

குட்டி என் மடியில் ஒட்டகச்சிவிங்கியோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. காசு போனதில் கோபம்தான். ஆனால் நான் நன்றாகச் செய்த ஒரே காரியம் கையைவிட்டுப் போகிறதே என்பதில்தான் அழுதேன்.

அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினேன். அவர் ஷவர்மா வாங்கிவந்து சமாதானம் செய்யப் பார்த்தார். ஷவர்மாவைச் சாப்பிட்டேன், பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அபுதாபிக்கு அப்பால் இருக்கும் ருவைஸிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே எண்ணெய் பிளான்டில் வேலை, சொந்த ஊர் புதுக்கோட்டை. வழக்கம்போல ஃபைல், கவலை, அல்வா. அவர் பையன் ஊரில் பத்தாவது படிக்கிறானாம், கீபோர்டு நன்றாக வாசிப்பானாம். கல்யாணக் கச்சேரிக்கெல்லாம் கூப்பிட்டுப் பணம் தருகிறார்களாம்.

"பையன் பேர்ல உள்ள டெபாசிட் வட்டி என் கணக்குலதானே சேரும்னு சொன்னீங்க, அண்ணே?"

"ஆமாங்க. பதினெட்டு வயசு ஆகறவரைக்கும் பெத்தவங்க கணக்குலதான் சேரும்."

"அப்ப கச்சேரிக் காசையும் அதுலயே சேத்துருங்க. சின்னப் பய, அவனுக்கு என்ன தனி வருமானம்?"

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் பொறுப்பார், வரியைப் பற்றித் தப்பாகச் சொன்னால் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது.

"அதெப்படிங்க சேப்பீங்க? அந்தப் பையன் ஒழைச்சு, அவன் தெறமையில வாங்குன காசு அது. அதுல அப்பனுக்குப் பாத்தியதை இல்லீங்க. சேக்க வேண்டாம்னு சட்டமே சொல்லுது. வரம்புக்குள்ள இருந்தா வரி வராது, அது வேற. வரி இல்லீங்கறதுக்காக வருமானமே இல்லேன்னு ஆயிருமா? சின்னப் பையன்னாலும் அது அவனோட..."

அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். டீத் தட்டோடு நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். சமையலறையில் மிக்ஸி சத்தமும் நின்றது.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மிக்ஸி ஓடுனதுல எனக்குச் சரியாக் கேக்கல."

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீயை எடுத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதுபோல என்னைப் பார்த்தார். "பாப்பா என்ன பண்ணுது, அண்ணே?"

"பதினொண்ணாவது படிக்குது," என்றார் அப்பா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாடி வீட்டு அக்கா கிளம்பும் நேரம்.

"வேலைக்கும் போகுது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தட்ட இங்க வெச்சிட்டுக் கெளம்பு கண்ணு, டியூட்டிக்கு நேரமாச்சு. அக்காவ வேற ஆளு பாக்க வேண்டாம்னு சொல்லு. அந்தக் கவரையும் கேட்டு வாங்கிக்க."