ஏரியில் பழகியவன் கடலில் சாய்ந்தது

பாய் கட்டிய பலகையில் நின்றபடி காற்றில் ஓடும் விண்ட்சர்ஃபிங்கை நான் கொடைக்கானல் ஏரியில் பழகினேன். அங்கே மரங்களின் மறைவில் காற்று திடீரென்று அடங்கிவிடும். பாயைப் பிடித்து முழுதாகப் பின்னால் சாய்ந்தால் தண்ணீரில் விழவேண்டியதுதான். அதனால் பாதிதான் சாய்வேன்.

இராமநாதபுரம் கடலோரம் நடந்த என் முதல் நெடுந்தூரப் பந்தயத்திலும் அப்படியே நின்றேன். பாதி சாய்வுக்கு அடங்காமல் பலத்த காற்று பாயைக் கையிலிருந்து பிடுங்கியது. கடைசியாகப் போன என்னிடம் மீட்புப் படகு வந்தது. ஏறினால் பந்தயம் போச்சு.

"என்ன கொடைக்கானலு, ஏறிக்கிறீங்களா? சூடா டீ இருக்கு," என்று படகுக்காரர் சிரித்தார்.

"கரையில வந்து குடிக்கிறேண்ணே. இந்தக் காத்து எப்ப அடங்கும்?"

"இதுவா? பொழுது சாயுறவரைக்கும் அடங்காது."

அது போதும். முதுகு நீரை உரச முழுதாகச் சாய்ந்தேன். பலகை பறந்தது. நான்கு பேரைத் தாண்டிக் கரை சேர்ந்தேன். படகுக்காரரே டீ ஊற்றிக் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது, இரண்டு கிளாஸ் குடித்தேன்.