நாற்பத்தெட்டோடு நின்ற கல்யாண லிஸ்ட்

போன வருஷம் ஐப்பசி மாதம் எனக்கு வேலை போயிற்று. அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் பதினேழு வருஷம் பில் போட்டவள் நான். ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளியின் மகன் வந்து, "அக்கா, இனிமே எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பாத்துக்கும்" என்றான். சாஃப்ட்வேர் டீ கேட்காது, லீவு கேட்காது, உங்கள் அப்பாவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்றும் சொல்லாது. டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் பெயர் புவனா. திருவானைக்காவலில் வீடு. வெள்ளிக்கிழமைகளில் அகிலாண்டேஸ்வரி சன்னிதிக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் யாராவது இடித்தால் திரும்பி முறைக்கிற ஆள் நான்தான். கோபம் எனக்கு உடன்பிறப்பு. அப்படிப்பட்டவளுக்கும் அம்பாள் செய்தாள் என்று சொன்னால் உங்களில் யாருக்காவது தெம்பாக இருக்குமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே என் நாத்தனார் வந்துவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

பத்மா அண்ணி, என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஸ்ரீரங்கத்தில் புடவைக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனசு, பெரிய குரல். உள்ளே வரும்போதே கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டு வந்தார்.

"எதுக்குடி கண்ணைக் கசக்குறே? நம்ம கடை எதுக்கு இருக்கு? தை பொறந்ததும் வந்து நில்லு. பொடவை மடிக்கிறதை நான் சொல்லித் தரேன்."

மடிப்பதைச் சொல்லித் தருவாராம்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் மடித்த எந்தத் துணியையும் அவர் பிரித்து மறுபடி மடிக்காமல் விட்டதில்லை. "மூலை சேரலை பாரு" என்பது இருபத்திரண்டு வருஷப் பாட்டு. இனி அதைச் சம்பளத்தோடு கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு சம்பளம் இல்லாமல் வண்டி ஓடாது. ஆகவே எனக்குத் தை வரைக்கும்தான் தவணை. அதற்குள் சொந்தமாக ஒரு வழி பார்க்காவிட்டால் அண்ணி கடையில் நிற்க வேண்டியதுதான்.

வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்களின் போன் இரண்டு மடங்கானது. எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சாமான் லிஸ்ட் கேட்பது என்னிடம்தான். வளைகாப்புக்கு எத்தனை தட்டு, நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை கட்டு வெற்றிலை, எல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று உப்பிலியபுரத்துச் சித்தி மகளுக்கு முக்கால் மணி நேரம் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அடுப்பில் குழம்பு தீய்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் வாசனை பிடித்துக்கொண்டு வந்தார்.

"டிக்கெட் இல்லாம ரெண்டு பேரை ஏத்தினாலே செக்கிங்ல நான் மாட்டிக்குவேன். நீ வருஷக்கணக்கா பஸ்ஸு நெறைய ஏத்திக்கிட்டுப் போறியே, புவனா!"

கேலிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அட, இதையே விற்றால் என்ன?

அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பொருளை ஒருமுறை செய்தால் போதும், ஃபைலாக விற்கலாம். கடை வேண்டாம், ஆள் வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம். பணம் கட்டினால் ஃபைல் தானாகவே அவர்கள் மெயிலுக்குப் போய்விடும். ஒரு வீடியோவில் ஒரு தம்பி, தூங்கும்போதும் பணம் வரும் என்றான்.

முதலில் கல்யாண லிஸ்டை அடிக்க உட்கார்ந்தேன். நிச்சயதார்த்தத்திலிருந்து மறுவீடு வரைக்கும் நூற்று இருபத்தாறு சாமான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயர், போன் நம்பர், 'சந்தேகம் இருந்தால் அழைக்கவும்' என்று ஒரு வரி. பில் போட்ட கை, அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு தாளை விடாது. கூடவே ஓர் எக்செல் ஷீட். எத்தனை பேருக்கு அழைப்பு என்று போட்டால் பாக்கு, சந்தனம், தாம்பூலப் பை எல்லாம் தானே கணக்குப் போட்டுக் காட்டும். விலை தொண்ணூற்றொன்பது ரூபாய்.

பாதி அடித்திருந்தபோது என் வீட்டுக்காரர், "அக்காகிட்ட ஒரு தடவை காட்டிடு. பெரியவங்க" என்றார். சரி என்று நாற்பத்தேழு சாமான் முடித்து, 'நாற்பத்தெட்டு: தாலி கட்டுவதற்கு முன் மறக்கவே கூடாதவை' என்று தலைப்பு அடித்தேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய் அணைத்து, துடைத்து, பாலைத் திட்டி, பால்காரரைத் திட்டி, வந்த கோபத்தில் இருந்தது இருந்தபடியே அண்ணிக்கு அனுப்பிவிட்டேன். மீதியை மறுநாள் முடித்தேன்.

கார்த்திகையில் கடை திறந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே தூங்கினேன், அந்தத் தம்பி சொன்னானே என்று. எழுந்து பார்த்தால் கன்னத்தில் பாய்க்கோடு விழுந்திருந்தது. பணம் விழவில்லை.

அந்த மாதம் முழுக்க இரண்டே இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சௌந்தர் என்று யாரோ. பணம் கட்டியிருந்தார், ஆனால் ஃபைலைத் திறக்கவே இல்லை. பாவம், ஏதோ கை தவறி அமுக்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் உப்பிலியபுரத்துச் சித்தி மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். "அக்கா, ரொம்ப உபயோகமா இருக்கு, உங்களுக்கும் அனுப்புறேன்" என்று எழுதியிருந்தாள். திறந்தால் என் லிஸ்ட்! மேலே 'எங்கள் புடவைக்கடை வாடிக்கையாளர்களுக்கு அன்பளிப்பு' என்று அண்ணியின் வாழ்த்து, நாலு ரோஜாப்பூப் படம். பல முறை பகிரப்பட்டது என்ற அடையாளமும் விழுந்திருந்தது.

அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன். ஓசியில் ஊர் முழுக்கச் சுற்றும் பொருளை எவள் காசு கொடுத்து வாங்குவாள்? அன்று அழுதேன். வேலை போனபோதுகூட அப்படி அழவில்லை. பதினேழு வருஷம் அடுத்தவர் பட்டறைக்கு உழைத்து, முதல்முறையாக எனக்கென்று ஒன்று செய்தேன். அது இரண்டு மாதம்கூட என் கையில் தங்கவில்லையே!

அந்த வெள்ளிக்கிழமை அம்பாளிடம் சண்டை போட்டேன். அவள் உக்கிரத்தைத் தணிக்கத்தான் காதில் தாடங்கம் பூட்டினார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரிய தோட்டையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் கேட்டேன்: 'உனக்காவது கோபம் தணியத் தோடு கிடைத்தது. எனக்கு என்ன கிடைத்தது? இவ்வளவு பெரிய தோடு போட்டதில் காது கேட்காமல் போய்விட்டதா? இந்த ஃபார்வர்டை நிறுத்து. முடியாவிட்டால் அண்ணியின் போனைக் காவேரியில் தள்ளு.'

மூன்றாம் நாள் பத்மா அண்ணி புதுப் போன் வாங்கினார். பழையதில் இடம் போதவில்லையாம். புதுப் போனிலிருந்து முதல் வேலையாக இன்னும் நாலு குரூப்புக்கு லிஸ்டை அனுப்பினார்.

மார்கழிக் கடைசி வெள்ளி. மறுவாரம் தை. உச்சிகால பூஜைக்குப் போனேன். போனைக் கோவிலுக்குள் எடுத்துப்போகும் வழக்கம் எனக்கில்லை. வாசலில் எப்போதும் பூ வாங்கும் ராணியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். உள்ளே அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, அம்பாளாகவே சுவாமியைப் பூஜிக்கப் புறப்பட்டார். நான் நூறு தடவை பார்த்த காட்சி. அன்றுதான் மனசில் பட்டது. அகிலத்தையே ஆள்கிறவள், தினம் மத்தியானம் ஒரு நாள் தவறாமல் தன் வேலைக்குப் புறப்பட்டு விடுகிறாள். கௌரவம் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் என்ன அவ்வளவு கௌரவம்?

சண்டையெல்லாம் வடிந்துபோயிற்று. 'தாயே, நீ அண்ணி கடையில் நிற்கச் சொன்னால் நிற்கிறேன். முகம் சுளிக்காமல் நிற்கிற மனசை மட்டும் கொடு' என்று கேட்டுக்கொண்டு, திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் ராணியம்மா பூக்கட்டுவதை விட்டுவிட்டு என் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"வந்துடும் தாயி, வந்துடும். சாமி கும்பிடப் போயிருக்கு. தாலி கட்டுறதுக்கு முன்னாடிதானே? கேட்டுச் சொல்லச் சொல்றேன், நீ பதறாதே." போனை என்னிடம் நீட்டினார். "ஏம்மா, என்ன தொழில் பண்றே நீ? ஒம்போது பேரு கூப்புட்டாச்சு. லால்குடிக்காரம்மா ஒண்ணு அழுவுது. நாப்பத்தெட்டுக்குக் கீழே என்னான்னு கேக்குதுங்க. என்னம்மா அது நாப்பத்தெட்டு?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு உறைத்தது. ஊரெல்லாம் சுற்றுவது முழு லிஸ்ட் இல்லை. பால் பொங்கிய அன்று அனுப்பிய அரைகுறை லிஸ்ட்! 'தாலி கட்டுவதற்கு முன் மறக்கவே கூடாதவை' என்று தலைப்பு. அதன் கீழே வெள்ளைத் தாள். தையில் கல்யாணம் வைத்திருக்கும் அத்தனை அம்மாக்களும் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் என் நம்பர்.

போன் மறுபடி அடித்தது. பெரம்பலூரிலிருந்து ஒரு அம்மா. பழக்கதோஷம், மடமடவென்று ஒப்பித்தேன்: தாலிக்கயிற்றில் மஞ்சள் தடவி வையுங்கள், தேங்காய் வைத்த தட்டு, அட்சதை, மெட்டி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தீப்பெட்டி. எந்தக் கல்யாணத்திலும் தீப்பெட்டியைத்தான் தேடுவார்கள். அடுத்த போனுக்கும் ஒப்பிக்க வாயெடுத்தேன். ராணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வித்துப் பொழைக்கிற பொருளா இது?"

"ஆமாங்க."

"நானும் முழத்துக்கு மேல ரெண்டு கண்ணி சேத்துக் குடுப்பேன். மாலையையே சும்மா குடுப்பேனா? வெலையைச் சொல்லு."

சொன்னேன். அடுத்த போனை எடுத்து அந்த அம்மாவிடமே சொன்னேன். "மீதி லிஸ்ட் முழுசா இருக்குங்க. தொண்ணூத்தொம்போது ரூபா. லிங்க் அனுப்பட்டுங்களா?" அவர், "அவ்வளவுதானா? ஒடனே அனுப்புங்க" என்றார். அவ்வளவுதானா! கோவில் வாசலில், பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் லிங்க் அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பேர் வாங்கினார்கள். பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம் அசதியில் கண்ணயர்ந்து எழுந்தபோது இன்னும் பதினாலு. அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை.

தை இரண்டாம் நாள் அண்ணி கடைக்குப் போனேன். வேலைக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும். கேட்காமல் ஊருக்கு அனுப்பியதற்கு நாலு வார்த்தை கேட்கவும் வேண்டும். அந்த நாலு வார்த்தையை ரயில்வே மேம்பாலம் தாண்டும் வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி பிடித்துக்கொண்டார்.

"வாடி. ஒன் யாவாரத்துல ஏதோ கோளாறு இருக்கு, பாத்துக்க. கார்த்திகையிலேயே நான் தொண்ணூத்தொம்போது ரூபா கட்டினேன். ஒண்ணுமே வரலை."

"நீங்களா? எப்பங்க அண்ணி?"

"எனக்கு அதெல்லாம் தெரியுமா? நம்ம கணக்கு பாக்குற சௌந்தர் போன்லதான் கட்டினேன். மொத போணி நம்ம வீட்டு ஆளா இருக்கட்டும்னு பாத்தேன். ஃபைலு எங்க வந்துச்சுன்னு தெரியலை. ஒன்கிட்ட கேட்டா சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன். அப்புறம் நீ மொதல்ல அனுப்புனது இருந்துச்சில்ல, நாலு பேருக்கு ஒன் தெறமை தெரியட்டும்னு அதைத்தான் கஸ்டமருக்கெல்லாம் அனுப்பினேன். அது பாதிதானாமே? நான் மொத பக்கம்தான் பாத்தேன்."

மனப்பாடம் செய்த நாலு வார்த்தையும் தொண்டையிலேயே கரைந்துபோயின. யாருடைய போன் காவேரியில் விழ வேண்டும் என்று வேண்டினேனோ, அவர்தான் என் முதல் போணிக்கு நின்றிருக்கிறார். அதையும் சொல்லிக்காட்டவில்லை. கடையில் ஆட்கள் இருக்கும்போதே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "என்னடி இது, பொடவை மேல படப்போவுது" என்று விரித்திருந்த புடவையை நகர்த்தினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது உடம்பு சிலிர்த்தது. அண்ணிக்கு அந்த ஃபைலைத் திறக்கத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூற்று இருபத்தாறு சாமானும் ரோஜாப்பூவோடு ஊருக்கெல்லாம் ஓசியில் போயிருக்கும். நான் இன்று கடையில் மூலை சேர்த்துக்கொண்டிருப்பேன். பாலைப் பொங்கவைத்தவள், ஃபைலை மறைத்தவள், புதுப் போன் வாங்கவைத்தவள் எல்லாம் ஒருத்திதான். நிறுத்து என்று நான் கத்த, பரப்பிக்கொண்டே இருந்தாள். காது கேட்காமல் இல்லை. என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறது.

இப்போது வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஏழு லிஸ்ட் விற்கிறேன். பட்டறைச் சம்பளத்தைவிடக் கூடவே வருகிறது. வீட்டிலிருந்து ஒருத்தியாகவே பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு புது லிஸ்டிலும் முதல் மூன்று பக்கம் இலவசம். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்கு இப்போது தெரியும். வெள்ளிக்கிழமை ராணியம்மாவிடம் வாங்குவது முழம் இல்லை, மாலை. கோபம் குறைந்திருக்கிறது. போய்விட்டது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

சகோதரிகளே, கையில் வழியில்லாமல் நிற்கிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள். என்ன வேண்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவள்.

அண்ணி இப்போதும் வரும்போதெல்லாம் சௌந்தரின் போனைக் கையோடு கொண்டுவருகிறார். "காசு கட்டினேனே, அந்த ஃபைலைத் தொறக்கச் சொல்லிக் குடேன்டி" என்கிறார். காப்பி கொடுக்கிறேன், கொடியில் கிடக்கும் துணியை மடிக்கக் கொடுக்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாயம் சொல்லித் தருகிறேன் அண்ணி என்கிறேன். அம்பாள் மன்னிக்க வேண்டும். இன்று வரை சொல்லித் தரவில்லை.