கீரை கடைந்ததாகச் சொன்ன வெள்ளிக்கிழமைகள்

அப்பா துபாய்க்குப் போனபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். கட்டட வேலை. கேம்பில் எட்டுப் பேருக்கு ஓர் அறை, முறை வைத்துச் சமையல். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நானும் அம்மாவும் மட்டும்.

முதல் வருடம் அம்மா ஒழுங்காகத்தான் சமைத்தாள். குழம்பு மிஞ்சும், மறுநாள் கொட்டுவாள். பிறகு வைப்பதையே நிறுத்திவிட்டாள். காலையில் பன்னும் டீயும். சாயங்காலம் கடைத்தெரு புரோட்டாவும் பையில் கட்டிய சால்னாவும். சுற்றிலும் நெல் விளைகிற ஊரில் எங்கள் அரிசி டின்னில் வண்டு விழுந்தது. எனக்கு வருத்தமொன்றுமில்லை. புரோட்டா எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்கு அப்பாவின் போன் வரும்.

"இன்னைக்கு என்ன சமையல்?"

"கீரை கடைஞ்சேன். வாழைக்காய்ப் பொரியல்," என்பாள் அம்மா.

அடுத்து ரிசீவர் என் கைக்கு வரும். "அம்மா நல்லா சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறாங்கப்பா."

அப்படிச் சொல்லும்படி அம்மா என்னிடம் கேட்டதில்லை. நானாகத்தான் சொன்னேன்.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மாவின் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. செருப்புக் கடி என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டாள். விரல் கறுத்த பிறகுதான் தஞ்சாவூருக்குப் போனோம். சர்க்கரை பல வருடமாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். விரலை எடுத்தார்கள். அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

மறுநாள் அடுக்களைக்குள் போனவர், அரிசி டின்னைத் திறந்து பார்த்தபடி நின்றார்.

"அப்ப போன்ல சொன்னதெல்லாம்?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "ரெண்டு பேருக்கு எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்னு தோணிப்போச்சுங்க. நீங்க அங்க கவலைப்படக் கூடாதுன்னுதான்..."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று வாழைத்தண்டும் கீரையும் வாங்கி வந்தார். அவர் தண்டை வட்டமாக நறுக்க, நான் நாரை விரலில் சுற்றி எடுத்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். "மூணு பேரும் சேர்ந்துதான் சமைக்கணும். தனிப் பத்தியமெல்லாம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு," என்றார். சோறு குறைந்து காய் கூடியது. உப்பும் எண்ணெயும் சுருங்கின. முதல் வாரம் எனக்குக் குமட்டியது. அம்மா மட்டும், "இதுக்குப் பேரு தாளிப்பாங்க?" என்று அப்பாவைக் கேலி செய்தாள். சர்க்கரையும் இறங்கியது.

ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. கடைசி மாதங்களில், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் என்று கீரையும் கூடாதென்றார்கள். அப்பா காய்களை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, சக்கையைத்தான் அவளுக்கு ஊட்டினார். ஒன்றரை வருடத்தில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு அப்பா ஒரே ஒருமுறை கேட்டார்: "நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா."



இப்போது சென்னையில் இருக்கிறேன். வீடு திரும்பியதும் கணவரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு வேலையாக அடுக்களையில் நிற்க வேண்டும். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். சேர்ந்து சமைத்தால் நோயே வராது என்றெல்லாம் நான் சொல்வதில்லை. போன வாரம் மூத்தவள் பீர்க்கங்காய் சீவிக்கொண்டே, இரண்டு நாளாக மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.