திருமானூரில் நான் கழற்றிக் கொடுத்த கால்

இந்தப் பதிவில்:
1. ஏன் போனேன்
2. பெரம்பலூரிலிருந்து திருமானூர்: நேரம், செலவு
3. செயற்கைக் காலில் தடுமாறுகிறவர்கள் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்ற என் வாதம்

சர்க்கரை நோயால் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஏற்கெனவே கால் இழந்தவர்கள், புதிதாகக் கால் இழந்தவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் சிறு குழு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. என்னை அதில் சேர்த்தவர் லப்பைக்குடிக்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் நூர்ஜஹான். அவருக்கும் ஒரு கால் செயற்கைதான். சென்ற தை மாதம் இருவரும் கிளம்பினோம்.

காலை 7.10க்குப் பெரம்பலூரில் பஸ். ஏற எனக்கு நேரமானது.

“மெதுவா ஏறுங்க பெரியவரே, பஸ்ஸு ஓடிடாது” என்றார் கண்டக்டர்.

“ஓடாத பஸ்ஸுக்கா டிக்கெட் தர்றீங்க?” என்றார் நூர்ஜஹான்.

8.05க்கு அரியலூர். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் 9.20க்குத் திருமானூர். எனக்கு மொத்தம் 58 ரூபாய். கால் நீட்ட முன் இருக்கை நல்லது.

நாங்கள் பார்க்கப் போன செல்வராஜ் கரும்பு விவசாயி. டிராக்டர் ஏறி வலது கால் போயிற்று. செயற்கைக் கால் வந்த அன்றே அதை மாட்டி, தெருவே பார்க்க விழுந்தார். அதன்பின் நான்கு மாதமாக அவர் வாசலைத் தாண்டவில்லை. மறுநாள் வயலைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: போகிறவர் முதலில் தன் காலைக் கழற்றி, பார்க்கப் போனவரின் கையில் கொடுக்க வேண்டும். பேச்சு அப்புறம்தான். மனைவியைத் தவிர யார் எதிரிலும் நான் கழற்றியதில்லை. அந்தக் கூச்சத்தில், எழுதி வைத்திருந்த பதினோரு குறிப்புகளை வாசிக்க ஆரம்பித்தேன்.

“இதெல்லாம் ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க சார்” என்றார் செல்வராஜ்.

நூர்ஜஹானைப் பார்த்தேன். “பொம்பளைங்கன்னா நானே கழட்டிக் காட்டிடுவேன். ஆம்பளைக்கு நீங்கதான் சார். அதுக்குத்தான கூட்டியாந்தேன்?” என்றார்.

குறிப்புத்தாளை மடித்து வைத்துவிட்டு, காலைக் கழற்றி செல்வராஜ் கையில் கொடுத்தேன்.

“என்னா சார், வெட்டுன எடத்துல ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கீங்க?”

“வெட்டுன கால் இளைச்சுட்டே வருதுங்க. ஒண்ணு மட்டும் போட்டா லொடலொடன்னு ஆடுது.”

செல்வராஜ் என் காலை மடியில் வைத்துக்கொண்டார். “எனக்கும் அப்படித்தான் ஆடுச்சு. அளவு தப்பா செஞ்சுட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நாலு மாசமா கதவுக்குப் பின்னால சும்மா நின்னுச்சு, பாவம்” என்றபடி அவர் மனைவி காலையும் இன்னொரு சாக்ஸையும் எடுத்து வந்தார். செல்வராஜ் மாட்டி, சுவரைப் பிடித்து எழுந்தார். ஆடவில்லை.

நானும் என் காலை அவசரமாக மாட்டி எழுந்தேன். சரியாகப் பொருந்தவில்லை. சாய்ந்தேன். “பாத்து சார், பாத்து!” என்று என் தோளைப் பிடித்தார் செல்வராஜ். நூர்ஜஹான் சிரித்ததில் தெருவில் போனவர் எட்டிப் பார்த்தார். பத்தரை மணிக்குக் குத்தகைக்காரருக்குப் போன் போயிற்று: “இந்த வருஷம் நானே பாத்துக்கறேங்க.”

போகிறவர்களுக்கு: கூடுதல் சாக்ஸ் எடுத்துப் போங்கள். மூன்று போட்டும் ஆடினால், கால் செய்த இடத்தில் அளவு பார்க்கச் சொல்லுங்கள். குறிப்புத்தாள் தேவையில்லை.

மூன்றாவது தலைப்புக்கு வாதம் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அந்த வாதமே தவறு. சுவரை விட்டுவிட்டு செல்வராஜ் எடுத்து வைத்த முதல் இரண்டு அடி, தடுமாறிய என்னைப் பிடிக்கத்தான்.