நான் எழுந்து போன இடங்கள்

சிட்டு, அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இனி நீ இல்லை. உம்மா போன பிறகு நான் ஒருத்திதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்தபோது நான் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். தந்திக்காரர் கையெழுத்துக் கேட்டார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். அவர் பொறுக்க முடியாமல் வாசலில் நின்றபடியே, "லாத்தா, ஒங்க தம்பி மவுத்தாயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டார்.

தம்பியின் கதைகளைப் படித்தவர்களுக்கும், பட்டினத்து வாசகசாலையில் அவனோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் வாசகசாலையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெண்களுக்குத் திரை கட்டியிருந்தது. வாசகசாலைத் தலைவர் பேசினார். "பெரிய நாவலாசிரியனாக வரவேண்டியவன். கடைசி வருஷங்களைச் சில்லறைக் கதைகளில் பாழாக்கிக்கொண்டான். ஆனாலும் அவனுடைய எண்ணூறு பக்க நாவல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் முன்னுரையோடு அது வெளிவரும்" என்றார். கை தட்டினார்கள்.

அந்த எண்ணூறு பக்கத்தையும் கேட்டவள் நான். மத்தியானம் நான் அடுப்படியில் இருக்கும்போது வாசற்படியில் உட்கார்ந்து வாசிப்பான். செய்னம்பு என்று ஒருத்தி. புருஷன் சைகோனுக்குக் கப்பல் ஏறிப் போய்விட்டான், இவள் காத்திருக்கிறாள். இவ்வளவுதான் கதை. ஆனால் அவள் வீட்டை விட்டு வாசலுக்கு வருவதற்குள் கடல் வரும், நிலா வரும், ஊர் உண்டான வரலாறு வரும். ஒரு நாள் நான் எழுந்து போய்க் குழம்பை இறக்கிவிட்டு வந்தேன். "என்ன லாத்தா, பாதியில எந்திரிச்சிட்டே?" என்றான். "குழம்பு கொதிச்சிடுச்சுடா. ஒன் செய்னம்புதான் இன்னும் வாசலுக்கே வரலை" என்றேன். அன்று சாப்பிடாமல் போய்விட்டான். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. எழுதி முடித்ததும், தலைவரிடம் தாள் கட்டைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டு வருகிறேன் என்றான். என் பழைய சேலைக் கரையைக் கிழித்து நானே இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

அபிப்பிராயம் வரவே இல்லை. காத்திருந்த நேரத்தில் சிறுகதை எழுத ஆரம்பித்தான். முதலில் எழுதியவை நன்றாக இல்லை. நான் எழுந்து எழுந்து போனேன். ஆனால் இப்போது கோபப்படவில்லை. நான் எழுந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வான். ராத்திரியில் கோட்டுக்கு மேலே இருப்பதை அடிப்பான். "லாத்தா, நாவல்ல தப்புப் பண்ணா அது தெரிய ரெண்டு வருஷமாவுது. கதையில வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடுது" என்பான்.

வாஞ்சூர் சாவடியைப் பற்றி ஒரு கதை எழுதினான். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் எல்லை தாண்டிப் போகிறவர்களின் கூடையைக் கிளறிப் பார்ப்பார்களே, அது. குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி அதன் சட்டையைக் கூடையில் வைத்திருக்கிறாள். அவள் பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் முதலில் எழுதியிருந்தான். கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டான். சேவகன் அந்தச் சட்டையை எடுக்கிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான், மடித்துத் திரும்ப வைக்கிறான். அவ்வளவுதான் மிஞ்சியது. "எட்டுப் பக்கத்துல ஒருத்திய நிக்க வைக்கத் தெரியாதவன் எண்ணூறு பக்கம் அவளை நடக்க வைப்பானா லாத்தா?" என்று கேட்டான்.

இந்தக் கதைகளைத்தான் தலைவர் அவன் முகத்துக்கு நேரே, "பொம்பளைங்க பூக்கட்டுற வேலை. ஆம்பளையா நாவல் எழுதுடா" என்று சொன்னார். அவன் சிரித்துவிட்டு வந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் நாவலைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். அது அப்போது இவர்களுக்குத் தெரியாது. செய்னம்பைத் திரும்ப முதலிலிருந்து எடுத்தான், பழைய கட்டைப் பார்க்காமலே. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு சிறுகதை போல எழுதி என்னிடம் வாசித்தான். புருஷனுக்குச் சைகோனில் வேறு குடும்பம் இருப்பது தெரிய வருகிற இடத்தில், பழைய செய்னம்பு இருபது பக்கம் நிலாவிடம் அழுவாள். புதியவள் அழவில்லை. அவன் வந்தால் சாப்பிட என்று எடுத்து வைத்திருந்த பீங்கான் தட்டை இறக்கி, அதில் தவிடு பிசைந்து கோழிக்கு வைக்கிறாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல் வாடை. "இந்த அத்தியாயம் பாஸ் லாத்தா" என்று கருகின சோற்றையே போட்டுச் சாப்பிட்டான்.

கூட்டம் முடிந்ததும் தலைவரைத் திரைப் பக்கம் கூப்பிடச் சொன்னேன். "புதுசா எழுதுனது எங்கிட்ட இருக்குங்க. அதைப் போடுங்க, பழசு வேணாம்" என்றேன்.

"அது பாதியில நிக்குதுன்னு சொன்னாங்களேம்மா. சின்னதாவும் இருக்குதாம். இது முழுசு. கையில எடுத்தா ஒரு கனம் இருக்கு."

"நீங்க படிச்சீங்களா?"

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை."

திரையின் இடுக்கு வழியாக மேசையைப் பார்த்தேன். கட்டுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். மாலைக்கு அடியில் என் சேலைக் கரை. நான் போட்ட முடிச்சு அன்றைக்குப் போட்டபடியே அழுக்கேறி இருந்தது. "முடிச்சை அவுக்காம எப்புடிங்க படிச்சீங்க?" என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் சர்பத் கொண்டுவரச் சொன்னார்.

நான் திரையை விலக்கிப் போய்க் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. மாலையை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பழைய நாவல் அச்சேறாது. புதியதை அவன் எழுதிய மட்டும் போடுகிறவர் உங்களில் யாராவது இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். முன்னுரை வேண்டாம்.

அவனுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் குட்டைப் பென்சிலும், அடி கருகின சோற்றுப் பானையும். பானையைக் கருகல் சுரண்டி ஈயம் பூசக் கொடுக்கவில்லை.

சிட்டு, கடைசித் தாளைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். சைகோன் கப்பலில் வந்து இறங்கிய புருஷன் தெருமுனையில் திரும்புகிறான். செய்னம்பு தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அதற்குக் கீழே பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது. பழைய கட்டில் இதற்குப் பிறகு அழுகையும் மன்னிப்பும் நிலாவுமாக அறுபது பக்கம் போகும். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது, "வந்து பாத்துக்குறேன் லாத்தா" என்று மட்டும் சொன்னாய். எதை என்று நான் கேட்கவில்லை. தாழ்ப்பாளில் அவள் கை இருக்கிறதே, அது நீ நிறுத்திய இடமா, விட்டுவிட்டுப் போன இடமா?